சஞ்சார் சாத்தி போச்சு, சரி. ஆறு மணி நேர வாட்ஸ்அப் என்ன ஆச்சு?

நகலகம் · 3 டிசம்பர் 2025, இரவு 9.12

எல்லாரும் தொலைந்த போனை முடக்க உதவும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். புது போன் எல்லாவற்றிலும் அதை ஏற்றியே விற்க வேண்டும் என்ற உத்தரவை இன்று மதியம் வாபஸ் வாங்கிவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் அதே நவம்பர் 28-ம் தேதி தொலைத்தொடர்புத் துறை இன்னொரு உத்தரவும் போட்டிருக்கிறது. அதை யாரும் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் எல்லாம் பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் ஓட வேண்டுமாம். கம்ப்யூட்டரில் திறந்து வைக்கும் வாட்ஸ்அப் வெப் ஆறு மணி நேரத்துக்குள் தானாக வெளியேறிவிட வேண்டும். மறுபடி நுழைய கியூஆர் கோடு. கெடு 90 நாள்.

நான் ஏன் புலம்புகிறேன் என்றால், தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பென் டிரைவ் கொண்டு வருகிறவர்கள் இப்போது கிடையாது. கடை நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே அனுப்பிவிட்டு "அண்ணே, ரெண்டு காப்பி" என்பார்கள். சிம் என் போனில். நான் சாப்பிடப் போனாலும் டோனர் வாங்க டவுனுக்குப் போனாலும் கடைப் பையன் வாட்ஸ்அப் வெப்பில் எடுத்து பிரிண்ட் போடுவான். இனி ஒவ்வொரு தடவையும் நான் ஓடி வந்து போனைக் காட்ட வேண்டுமா? யாரைப் பிடிக்கப் போட்ட உத்தரவு இது?

மாவுக்கட்டு · இரவு 9.20

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மாதிரி. காலை, மதியம், ராத்திரி. சாப்பாட்டுக்குப் பின்.

கம்பிவடம் · இரவு 9.48

யாரைப் பிடிக்க என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் கணக்கு தொடங்கும்போது ஒரு தடவைதான் ஓடிபி கேட்கும். அப்புறம் சிம்மைக் கழற்றித் தூக்கிப் போட்டாலும் கணக்கு பாட்டுக்கு ஓடும். இங்கே வாங்கிய இந்திய நம்பரை எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து கொண்டு, சிம்மே இல்லாமல் பயன்படுத்தி ஆளை மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அதை அடைக்கப் பார்க்கிறார்கள். 2024-ல் மட்டும் இந்த மாதிரி மோசடியில் போனது 22,800 கோடி ரூபாய்க்கு மேல் என்று துறையே சொல்லியிருக்கிறது.

நோக்கம் சரி. வழிதான் உதைக்கிறது. செயலிக்கு சிம் உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆண்ட்ராய்டு 10-லிருந்து சாதாரணச் செயலிகள் சிம்மின் அடையாள எண்ணைப் படிக்க முடியாது. ஐபோனில் அதற்கு வழியே வைக்கவில்லை. யூபிஐ செயலி பதிவின்போது உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போகிறது பாருங்கள், அதுதான் இப்போதைக்கு இருக்கும் வித்தை. அதையே வாட்ஸ்அப்பும் ஓயாமல் செய்துகொண்டிருக்க முடியுமா?

வைகைக்கரை · இரவு 10.31

எல்லாரும் அரசாங்கத்தைத் திட்டுகிறீர்கள். நான் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பா ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். மார்ச் மாதம் ஒரு வாட்ஸ்அப் வீடியோ கால். எதிர்ப்பக்கம் காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேஜையில் பெயர்ப் பலகை. உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் கடத்தல் நடந்திருக்கிறது, நீங்கள் 'டிஜிட்டல் கைது', போனை வைக்கக்கூடாது என்றிருக்கிறார்கள். மூன்று நாள் வைக்கவில்லை. குளிக்கப் போகும்போதுகூட போனைப் பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா கேட்டதற்கு "ஸ்கூல் பென்ஷன் விஷயம்" என்றாராம். வைப்பு நிதியை உடைத்து பதினாலு லட்சம் அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரியும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்தோம். ஒன்றரை லட்சம் முடக்க முடிந்தது. மீதி போனதுதான்.

கூப்பிட்டது இந்திய நம்பர். +91 என்று பார்த்துத்தான் அப்பா நம்பினார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை உங்களுக்குத் தொந்தரவு என்றால் பரவாயில்லை, இருக்கட்டும்.

நகலகம் · இரவு 10.44

மன்னிக்கணும் அம்மா. அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

வைகைக்கரை · இரவு 10.52

போன் அடித்தால் எடுப்பதில்லை. நாங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கம்பிவடம் · 4 டிசம்பர், காலை 7.15

அக்கா, கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த உத்தரவு உங்கள் அப்பாவைக் காப்பாற்றியிருக்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நம்பரோடு சிம்மும் உள்ளே இருக்க வேண்டும் என்றால் அவன் சிம்மையும் சேர்த்து வாங்குவான். கமிஷனுக்காகத் தன் பெயரில் சிம் எடுத்துக் கொடுக்கிற ஆள் ஊருக்கு ஊர் இருக்கிறான். ஒரு பெட்டியில் நூறு சிம்மைச் செருகி ஓட்டும் சிம் பாக்ஸ்களை நம் ஊர் வாடகை வீடுகளிலேயே போலீஸ் பிடித்திருக்கிறது. அப்படிப்பட்டவனுக்குக் கொஞ்சம் செலவு கூடும், அவ்வளவுதான். கொஞ்சம் கூடுவதே நல்லது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அல்குவோஸ்_ரூம்மேட் · காலை 8.03

துபாயிலிருந்து. எங்கள் அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் வாட்ஸ்அப் நாட்டு நம்பரில்தான். அந்த நம்பரைத்தான் வீட்டில், பேங்கில், சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் எல்லாம் கொடுத்திருக்கிறோம். இரண்டு சிம் போடும் போன் உள்ளவன் தப்பித்தான். ஒற்றை சிம் போன்காரன், இங்கே கம்பெனி கொடுத்த சிம்மைப் போட்டுவிட்டு நாட்டு சிம்மைப் பாஸ்போர்ட் உறைக்குள் சொருகி வைத்திருக்கிறான். இங்கே வாட்ஸ்அப்பில் கால் பேச முடியாது, அடைத்துவைத்திருக்கிறார்கள். வாய்ஸ் மெசேஜ் ஒன்றுதான் துணை. அதுவும் போனால் என்ன செய்ய? ரோமிங் ரீசார்ஜ் விலை தெரியுமா?

புதுப்பயல் · காலை 9.30

எதுக்கு இவ்வளவு பேச்சு? விபிஎன் போட்டா முடிஞ்சது.

கம்பிவடம் · காலை 9.41

தம்பி, விபிஎன் என்பது வேறொரு சர்வர் வழியாக இணையத்தில் போகிற வழி. அதைப் போட்டால் ஐபி, அதாவது இணைய முகவரி மாறும், சிம் மாறாது. இது சிம் பிரச்சினை.

அப்புறம் விபிஎன் கதையும் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, கொடுத்த ஐபி, எதற்காக வாங்கினார் என்பது வரை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று. எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட் எல்லாம் இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது செயலியில் 'இந்தியா' என்று தேர்ந்தெடுத்தால் பலவற்றில் பெட்டி இருப்பது சிங்கப்பூரில்; முகவரிதான் இந்தியா. அதே உத்தரவில் இன்னொன்று: சைபர் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆறு மணி நேரத்தின் மேல் இவர்களுக்கு என்ன காதலோ.

கறுப்புக்கோட்டு · பிற்பகல் 1.25

கோர்ட் இடைவேளை. சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சஞ்சார் சாத்தி உத்தரவில் எல்லாரையும் உசுப்பியது ஒரு வரி: செயலியின் வசதிகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. தொலைத்தொடர்பு அமைச்சர் சிந்தியா இரண்டாம் தேதி "வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ளலாம்" என்றார். நீக்கலாம் என்று உத்தரவுத் தாளில் எங்கே இருக்கிறது? அதிகாரம் தாளுக்குத்தான், பேட்டிக்கு இல்லை. ஆப்பிள் ஏற்கப் போவதில்லை என்று செய்தி வந்தது, நாடாளுமன்றத்தில் சத்தம் வந்தது, மூன்றாம் தேதி எடுத்துவிட்டார்கள். காரணமாகச் சொன்னது என்ன தெரியுமா? மக்கள் தாமாகவே நிறையப் பேர் இறக்கிக்கொள்கிறார்களாம், அதனால் கட்டாயம் தேவையில்லையாம். வக்கீலாக இந்த வாக்கியத்தை எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

செயலி மோசம் என்று நான் சொல்லவில்லை. தொலைந்த போனை முடக்க, நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்க அது பயன்படும்; இரண்டையும் இணையதளத்திலேயே செய்யலாம். கேள்வி கட்டாயம் பற்றியது. 2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் கை வைக்க ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும். கொசு அடிக்க வீட்டைக் கொளுத்தக்கூடாது.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் போன மாதம் 14-ம் தேதிதான் வந்தன. அவற்றிலும் முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். 17-ம் பிரிவைப் படியுங்கள்: மத்திய அரசு அறிவித்தால் எந்த அரசு அமைப்பையும் சட்டத்துக்கு வெளியே வைக்கலாம். கடைக்காரருக்குப் பூட்டு, வீட்டுக்காரருக்குச் சாவி.

மாவுக்கட்டு · பிற்பகல் 1.33

வக்கீல் சார் ஃபீஸ் கேட்பதற்குள் ஓடிவிடலாம்.

வைகைக்கரை · பிற்பகல் 2.10

கட்டாயம் தப்பு என்கிறீர்கள். ஹெல்மெட்டும் கட்டாயம்தான்.

சிராங்கூன்_டீக்கடை · மாலை 4.45

ஹெல்மெட் உங்கள் தலையில் இருக்கிறது, எங்கே போனீர்கள் என்று யாருக்கும் சொல்வதில்லை.

சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனா சமயத்தில் டிரேஸ்டுகெதர் என்று ஒரு செயலி, போன் இல்லாதவர்களுக்குக் கழுத்தில் மாட்ட ஒரு டோக்கன். அக்கம்பக்கத்தில் யாரோடு இருந்தோம் என்று புளூடூத்தில் குறித்துக்கொள்ளும். நோய்த் தொடர்பைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணனே சொன்னார். நம்பினோம். என் மாமியார் டோக்கனுக்குப் பூப்போட்ட உறை தைத்து மாட்டிக்கொண்டார்.

2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாக வெளியே வந்தது: குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸ் அந்தத் தரவை எடுக்கலாம். அந்தச் சட்டம் அப்போது தன் நினைவுக்கு வரவில்லை என்றார் அமைச்சர். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அதுதான் எனக்குப் பயம். நல்ல எண்ணத்தோடு செய்தவருக்கே அது எங்கே போய் முட்டும் என்று தெரியவில்லை. பிப்ரவரியில் தனிச் சட்டம் போட்டு ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஒன்று, இங்கே கேள்வி கேட்டதும் ஒரு மாதத்தில் சட்டம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

நகலகம் · மாலை 6.20

கம்பிவடம் தம்பி, ஒரு சந்தேகம். இந்த சிம், ஐபி எல்லாம் வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு நிச்சயமா? கடை வைஃபையில் பத்துப் பேர் வந்து போகிறார்கள்.

கம்பிவடம் · இரவு 11.05

அண்ணே, இது என் சோறு சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீளும்.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன இணைய நிறுவனத்தில். முன்பு கேபிள் டிவி, இப்போது ஃபைபர். கைவசம் உள்ள பொது ஐபி 256. இணைப்பு மூவாயிரத்துச் சொச்சம். ஒரே ஐபிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் கட்டிவிடுகிறோம். சிஜிநாட் என்பார்கள். லைன் வீடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: தெருவிலிருந்து பார்த்தால் கதவு எண் 14, உள்ளே போனால் பன்னிரண்டு குடித்தனம். எந்தக் குடித்தனம் என்று பிரித்துச் சொல்வது போர்ட் எண்.

இந்தப் பதிவை முன்பு ஒரு வருஷம் வைத்திருந்தால் போதும். 2021 டிசம்பரில் உரிமத்தைத் திருத்தி இரண்டு வருஷம் ஆக்கிவிட்டார்கள். அதில் ஒரு வரி என்றால்: தேதி, நொடி வரை நேரம், வீட்டின் உள் முகவரி, வெளி முகவரி, போர்ட், போன இடத்தின் முகவரி. போன் மேஜையில் சும்மா கிடந்தாலும் வரி விழுந்துகொண்டே இருக்கும், ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில். என்ன பேசினீர்கள் என்பது அதில் இருக்காது. எந்த வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு விழித்திருக்கிறார்கள், எந்த வீட்டுப் பையன் ரம்மி ஆடுகிறான் என்பதெல்லாம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இனி விசாரணைக் கடிதம். இந்த ஐபி, இந்த நேரம், யார் என்று சொல் என மெயில் வரும். எனக்கு வருவதில் முக்கால்வாசியில் போர்ட் எண் இருக்காது. நேரம் நம்ம நேரமா, உலகப் பொது நேரமா என்றும் இருக்காது. போன வருஷம் ஒன்று வந்தது: 19.50 மணி. எங்கள் பதிவில் அந்த நேரத்துக்கு அந்த ஐபியில் பதினோரு வீடு. அதில் ஒன்று ஒரு அங்கன்வாடி டீச்சர் வீடு, நானே போய் லைன் இழுத்த வீடு. எந்த நேரம் என்று திருப்பிக் கேட்டேன். முதலாளி, "உனக்கு எதுக்குடா, கேட்டதை அனுப்பு" என்றார். மூன்று நாள் கழித்துப் பதில்: பொது நேரம். அப்படியானால் நமக்கு விடியற்காலை 1.20. பட்டியலே மாறிவிட்டது. டீச்சர் வீட்டில் அப்போது கரண்ட்டே இல்லை, ரவுட்டர் அணைந்து கிடந்தது.

திருப்பிக் கேட்காமல் அனுப்பியிருந்தால் பதினோரு வீட்டு வாசலிலும் ஜீப். 2007-ல் பெங்களூரில் ஒரு ஐடி ஊழியரை ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளத்தில் மராட்டிய மன்னர் சிவாஜி படத்தை இழிவு செய்தார் என்று புனே போலீஸ் பிடித்துப் போய் 50 நாள் உள்ளே வைத்தார்கள். இணைய நிறுவனம் கொடுத்த ஐபி விவரம் தப்பு. அவர் அதைச் செய்யவே இல்லை.

வைகைக்கரை · இரவு 11.30

இதை நான் யோசித்ததில்லை. அப்பாவிடம் அவர்கள் சொன்னதும் இதேதான்: "உங்கள் பெயரில் உள்ள சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது." நடந்திருக்கக்கூடியது என்பதால்தான் நம்பியிருக்கிறார்.

கறுப்புக்கோட்டு · 5 டிசம்பர், காலை 8.50

இதற்கு நம்ம ஊர் முன்கதை ஒன்று உண்டு. சமூக வலைத்தளக் கணக்கோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. ஆதார் வேண்டாம் என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட, வழக்கு 'வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார்' என்று கண்டுபிடிப்பதில் போய் நின்றது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி 2019-ல் ஒரு யோசனை கொடுத்தார்: ஒவ்வொரு செய்தியோடும் முதல் அனுப்பியவரின் அடையாளம் ஒட்டிக்கொண்டே போகட்டும். ஐஐடி பம்பாயின் மனோஜ் பிரபாகரன் அது பலிக்காது, அந்தரங்கமும் போகும் என்று மறுத்து எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அது முடிவதற்குள் 2021 பிப்ரவரியில் முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்பதையே மத்திய அரசு விதியாக்கி, 50 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் செய்தி அனுப்பும் சேவைக்கெல்லாம் பொருந்தும் என்றார்கள். வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அனுப்பியவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டும் மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னார்கள்.

அடையாளம் ஒட்டிக்கொண்டு போனாலும் அது காட்டுவது ஒரு நம்பரை. கம்பிவடம் சொன்ன லைன் வீட்டுக் கதைதான்.

நடத்துநர் · காலை 9.15

கட்சிப் பெயர் வைத்து எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உத்தரவைத் திட்டுங்கள், உத்தரவு போட்டவரின் குடும்பத்தை விட்டுவிடுங்கள்.

புதுப்பயல் · காலை 10.02

நகலகம் அண்ணே ஒரு டவுட். நாங்க அனுப்புற ஆதார், பான், பத்து மார்க்‌ஷீட் எல்லாம் பிரிண்ட் எடுத்தப்புறம் உங்க கம்ப்யூட்டர்ல என்ன ஆகும்?

கம்பிவடம் · காலை 10.06

தம்பி, இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

நகலகம் · காலை 10.40

பையனைத்தான் கேட்கணும்.

நகலகம் · 7 டிசம்பர், இரவு 8.30

ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திவிட்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். 2021-லிருந்து ஒன்றையும் அழிக்கவில்லை. ஆறாயிரத்து நானூறு கோப்புகள். ஆதார், ரேஷன் கார்டு, வில்லங்கச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம், ஒரு விவாகரத்து மனு, ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். எனக்குத் தெரிந்த முகங்கள். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டும் கிடையாது. பையன் வயசுப் பசங்க சாயங்காலம் வந்து அதில்தான் பாட்டு போடுவார்கள். போன தீபாவளிக்கு ரிப்பேருக்குக் கொடுத்து நாலு நாள் கழித்து வாங்கினேன், அதுவும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எல்லாவற்றையும் அழித்தேன். வாட்ஸ்அப்பிலும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யச் சொல்லி பையன்தான் ஞாபகப்படுத்தினான். தினமும் கடை சாத்தும் முன் அழிப்பது இனி அவன் வேலை. ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாதிரி இறக்கலாம் என்று இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். தாலுகா ஆபீஸில் முழு எண் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சுவரில் நம்பருக்குக் கீழே இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "பிரிண்ட் எடுத்தவுடன் உங்கள் கோப்பு அழிக்கப்படும்." முதலில் படித்தது பக்கத்து டீக்கடை அம்மா. ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ இத்தனை நாளும் வெச்சிருந்தியாப்பா?"